பெரியம்மாவின் சங்கிலி கவரிங்காக மாறிய பிறகு: முதியோர் இல்லத்தில் இருப்பவரின் உடைமைகளைக் காப்பது பற்றி

முதியோர் இல்லத்தில் இருக்கும் நம் பெரியவர் ஒருவரின் நகையைக் காணவில்லை என்று போய்ச் சொன்னால், அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “அம்மாவுக்கு மறதி, எங்கேயாவது வைத்திருப்பா.” அந்தப் பதிலுக்கு முன்னால் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். என் பெரியம்மாவுக்காக நான் அப்படி நின்றேன். இழந்தது இரண்டு பவுண் சங்கிலியும் வங்கியில் இருந்து போன 96,000 ரூபாவும். அதற்குமேல் வங்கி, பொலிஸ், பிரதேச செயலகம் என்று அலைந்து தீர்ந்த வாரங்கள். இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே இவற்றை யாராவது சொல்லித்தந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, எண்பதைக் கடந்தவர். ஒரே மகன் கனடாவில். தொடை எலும்பு முறிந்த பிறகு உவர்மலை வீட்டில் தனியே இருக்க முடியாமல் போனதால், திருகோணமலை நகரத்துக்குச் சற்று வெளியே கட்டணம் கட்டும் இல்லம் ஒன்றில் சேர்த்தோம். சுத்தமான இடம், சாப்பாட்டிலும் குறையில்லை. அங்கே பெரியம்மாவை அன்போடு குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட பிள்ளைகளை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். திருட்டு என்றால் மோசமான இல்லத்தில் மட்டும்தான் நடக்கும் என்று எண்ணக் கூடாது. நல்ல இல்லத்திலும் ஒருவர் போதும்.

முதலில் தெரிந்தது சங்கிலி. “தம்பி, கழுத்து சொறியுது, இதைக் கழட்டி வை” என்றார் பெரியம்மா. கழற்றிப் பார்த்தால் கழுத்து மடிப்பில் பச்சையும் கறுப்புமாக ஒரு கோடு. பொன் அப்படிச் செய்யாது. செம்பின்மேல் பூசிய முலாம் தேய்ந்து, வியர்வை பட்டால்தான் அந்தப் பச்சை இறங்கும். பழைய சங்கிலியின் கொக்கி ஒருமுறை அறுந்து பத்தரிடம் பற்றவைத்தது. பொருத்திய இடத்தில் சிறு மொட்டாக ஒரு தடிப்பு இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். இந்தக் கொக்கியோ வழவழவென்று இயந்திரத்தில் செய்தது. நகைக்கடையில் தராசில் வைத்தபோது 8 கிராம்கூட இல்லை. பவுண் ஒன்று 8 கிராம், ஆகவே இரண்டு பவுண் சங்கிலி 16 கிராம் இருக்க வேண்டும். ஒரே பருமனில் செம்பு, 22 கரட் பொன்னின் ஏறக்குறையப் பாதி எடைதான் வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதும் கையில் தூக்கினால் வித்தியாசம் விளங்குவதும் அதனால்தான். 22 கரட் பவுண் ஒன்று இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்ட காலத்தில் போனது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நகை காணாமல் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். மாற்றி வைத்தால் மாதக்கணக்கில் தெரியாது. எந்த நாளில் மாறியது என்று தெரியாதபோது யார் மாற்றியது என்ற கேள்விக்கும் விடை இல்லை. எங்களிடம் இருந்ததோ பழைய கல்யாண அல்பத்தில் ஒரு படம், அதில் கொக்கி தெரியவில்லை. பற்றுச்சீட்டு 1990 இடம்பெயர்வோடு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் நகைப் பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்கும் வீடுகளை எண்ணிவிடலாம். ஆகவே சான்றைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பெரியவரைச் சேர்ப்பதற்கு முன் நகைக்கடையில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையையும் கரட்டையும் கடையின் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுங்கள். முழு உருவம் ஒன்று, கொக்கி தனியாக ஒன்று, முத்திரை இருந்தால் அது ஒன்று, ஒட்டு, கீறல், கல் விழுந்த இடம் தனியாக ஒன்று. அழகான பக்கத்தைவிட அந்தப் பழுதுதான் பின்னால் அடையாளம் காட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகு, நகையைப் போட்டே அனுப்ப வேண்டுமா என்று யோசியுங்கள். வெறும் கழுத்தோடு இருக்கச் சொல்வது எங்கள் அம்மாமாருக்குப் பெரிய மனக்கஷ்டம், அதை அலட்சியம் செய்ய முடியாது. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் கூடாது. என் அபிப்பிராயம் இது: பொன்னை வங்கிப் பெட்டகத்திலோ நம்பிக்கையான பிள்ளையின் கையிலோ வைத்துவிட்டு, பெரியவருக்குத் தெரிந்தே, அவருடைய சம்மதத்தோடு, மெல்லிய சங்கிலி ஒன்றோ வெள்ளியில் முலாம் பூசியதோ போட்டுவிடுவது. அவருக்குத் தெரியாமல் நாங்களே மாற்றுவது மட்டும் வேண்டாம். ஒருநாள் அவர் கண்டுபிடித்துத் தாதியைத் திருடி என்பார், பழி ஒரு அப்பாவிமேல் விழும்.

மோதிரமும் தோடும் வேறு கதை. வயது போகப் போக விரல் மெலியும், சவர்க்காரம் போடும்போது மோதிரம் வழுக்கிக் குளியலறைத் துளைக்குள் போய்விடும். உட்பக்கத்தில் நூல் சுற்றினால் சில மாதம் தாங்கும். கடையில் அளவைக் குறைப்பது நல்லது. காதுத் துளை நீண்டு போனவர்களுக்குத் தோட்டின் சுரை தளர்ந்து தலகணி உறைக்குள் விழும். இவை திருட்டே இல்லை. ஆனால் நாங்கள் பதறிப்போய்த் திருட்டு என்று கத்திவிட்டு, பிறகு பொருள் கிடைத்தால், அடுத்தமுறை உண்மையாகவே திருட்டு நடக்கும்போது எங்கள் சொல் எடுபடாது. அதனால் சத்தம் போடுவதற்கு முன் ஒழுங்காகத் தேட வேண்டும். மெத்தைக்கும் சுவருக்கும் இடையில், தலகணி உறையின் மூலையில், சலவைக்குப் போன சேலையின் முந்தானை முடிச்சில், இரவுச் சட்டைப் பையில், சக்கர நாற்காலியின் இருக்கை மடிப்பில். பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிடுவார்கள், அது எச்சில் வாளிக்குப் போய்விடும். காது கேட்கும் கருவியும் அப்படித்தான். மறதி நோய் உள்ள பக்கத்துக் கட்டில்காரர் தன்னுடையது என்று நினைத்து எடுத்து வைப்பதும் உண்டு. அவருடைய அலுமாரியை இல்லத்தின் பொறுப்பாளர் முன்னிலையில், அவர் மனம் நோகாமல் பார்க்க வேண்டும்.

அடுத்தது காசு. சங்கிலி மாறியது தெரிந்த பிறகுதான் எனக்கு வங்கிப் புத்தகத்தின் நினைவு வந்தது. பெரியம்மாவின் ஓய்வூதியம் மாதாமாதம் கணக்கில் விழும். இல்லக் கட்டணத்துக்காக, பெரியம்மாவின் சம்மதத்தோடு, ஒரு பராமரிப்பாளர் அட்டையைக் கொண்டுபோய்க் காசு எடுத்து வருவது வழக்கமாகியிருந்தது. இரகசிய இலக்கம் புத்தகத்தின் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு துண்டில் எழுதிச் செருகியிருந்தது. கணக்குக்கூற்றை வாங்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியம் விழுந்த மறுநாள் கட்டணத் தொகை, சில மணித்தியாலம் கழித்து 4,000, இன்னொரு மாதம் 6,000, பிறகு 10,000. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போயிருந்தது. பெரியம்மாவோ கட்டிலில் இருந்து தனியே இறங்க முடியாதவர்.

இதில் வங்கியின் நிலைப்பாடு கடுமையாகத்தான் இருக்கும். சரியான இரகசிய இலக்கம் அழுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே பொறுப்பு அட்டைக்காரருடையது என்றே சொல்வார்கள். இயந்திரத்தின் கமரா பதிவை எங்களிடம் காட்டமாட்டார்கள், பொலிஸ் வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்தப் பதிவும் காலவரையின்றிக் கிடக்காது, பழையது அழிந்து புதியது ஏறும். அதனால் சந்தேகம் வந்த அன்றே மூன்று வேலை செய்யுங்கள். அட்டையை உடனே முடக்கச் சொல்லுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இயந்திரம் என்ற விபரத்தோடு கணக்குக்கூற்றைக் கேளுங்கள். குறிப்பிட்ட எடுப்புகளின் கமரா பதிவை அழியாமல் வைக்கும்படி முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டதற்கு ஒரு மதிப்பும் இல்லை. கணக்குப் பெரியவருடைய பெயரில் இருப்பதால் கடிதத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும், அதை முதலில் வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஒரு பகல் வீணாகும். வங்கி பதிலே தராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். அட்டையே கிடையாது. இல்லக் கட்டணம் கணக்கிலிருந்து மாதாந்தம் தானாகவே இல்லத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி நிலையியற் கட்டளை கொடுத்திருக்கிறோம். மிச்சம் சேரச்சேர இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவோம், ஓய்வூதியக் கணக்கில் பெருந்தொகை கிடக்காது. குறுஞ்செய்தி அறிவித்தல் நாங்கள் பார்க்கும் கைபேசிக்கு வருகிறது. பெரியவருடைய கைபேசிக்கே வந்துகொண்டிருந்தால் அதை வாசிப்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். இணைய வங்கிச் சேவையின் ஒருதடவைக் குறியீடும் அதே கைபேசிக்குத்தான் வரும். கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவர்களுக்கு வங்கி பெருவிரல் அடையாளத்துக்கு மாறச் சொல்லும். அலைச்சல்தான், ஆனாலும் காசெடுக்க ஆள் நேரில் வர வேண்டியிருப்பதால் அது ஒரு காவலும்கூட. ஒன்றை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள்: வெறும் மீளப்பெறும் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது. எவ்வளவு நல்ல மனிதர் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள்.

கைச்செலவுக்குக் காசு இல்லாமல் பெரியவரை வைப்பதும் நியாயமில்லை. கோயிலுக்கு ஒரு நூறு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு பிஸ்கட் பெட்டி, இதுகூடத் தன் கையால் கொடுக்க முடியாவிட்டால் மனுசருக்கு என்ன மரியாதை? ஆயிரம் ரூபாவை நூறு ரூபாத் தாள்களாகக் கொடுங்கள். ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்றைக் கொடுத்தால் அது மாற்றப் போய்த் திரும்பாது. அதற்குமேல் வேண்டியதை இல்லத்தின் அலுவலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டு வாங்கி, செலவானதைக் கொப்பியில் எழுதி ஒவ்வொரு முறையும் பெரியவரும் கையெழுத்துப் போடச் செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பராமரிப்பாளரின் கைபேசிக்கு நேரடியாகக் காசு போடுவது எங்கள் பக்கம் பெருகிவிட்டது. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் காசில் எவ்வளவு அம்மாவுக்குப் போனது என்று யாராலும் கேட்க முடியாது, மற்ற ஊழியர்களுக்கும் மனக்கசப்பு. சந்தோசம் கொடுப்பதென்றால் பொங்கலுக்கோ வருடப் பிறப்புக்கோ நிருவாகத்தின் ஊடாக எல்லோருக்கும் சமமாகக் கொடுங்கள்.

நகையும் வங்கிக் காசும் பெரிதாகத் தெரியும். நாளாந்தம் கசிவது பால்மாவும் பம்பர்சும். இதைப் பிடிக்கச் சண்டை தேவையில்லை, கணக்கு போதும். ஒரு கோப்பைக்குச் சுமார் 25 கிராம் என்று நாளுக்கு இரண்டு கோப்பை கொடுத்தால் 400 கிராம் பால்மா எட்டு நாள் வரும். ஐந்து நாளில் முடிந்தால் ஒன்றில் வேறு யாரோ குடிக்கிறார்கள், அல்லது பெரியவருக்கு மூன்று கோப்பை கொடுக்கிறார்கள். இரண்டாவதாக இருந்தால் சந்தோசம்தான், முதலில் அதைக் கேளுங்கள். பெட்டியின்மேல் திறந்த திகதியை எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாதத்துக்கானதை ஒரேயடியாகக் கொடுக்காமல் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். பம்பர்ஸ் நாளுக்கு மூன்று என்றால் பத்து உள்ள பொதி மூன்று நாளைத் தாண்டும். கிளினிக் மருந்தையும், முக்கியமாக நித்திரைக் குளிசையை, போகும்போதெல்லாம் எண்ணிப் பாருங்கள். குறைந்தாலும் கூடினாலும் இரண்டுமே கேட்க வேண்டிய விடயம்.

உடுப்பில் மார்க்கர் பேனையால் பெயர் எழுதுவது சில சலவையில் போய்விடும். நிற நூலால் ஓரத்தில் முதலெழுத்துத் தைத்துவிட்டால் உடுப்புக் கிழியும்வரை நிற்கும். கண்ணாடியின் கைப்பிடி உட்பக்கத்தில் பெயரைக் கீறிவிடலாம். பல்செட் செய்யும்போதே பெயர் பதிக்கச் சொல்லிக் கேட்கலாம். காது கருவியின் தொடர் இலக்கம் பெரும்பாலும் பற்றரி மூடியின் உட்பக்கத்திலோ கருவியின் உடலிலோ இருக்கும், குறித்து வையுங்கள். கைபேசியில் *#06# அழுத்தினால் அந்தக் கைபேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண் (IMEI) வரும், அதையும் குறித்து வையுங்கள். தொலைந்தால் பொலிசில் கேட்கும் முதல் விபரம் அதுதான்.

பூட்டு பற்றி ஒரு விடயம், கடற்கரைக்காரர்களாகிய எங்களுக்கென்றே சொல்ல வேண்டியது. மலிவான இரும்பு ஆமைப்பூட்டு உப்புக்காற்றில் சில மாதத்தில் இறுகிவிடும். இறுகிய பூட்டைப் பெரியவர் போராடித் திறந்துவிட்டு, பிறகு பூட்டாமலே விட்டுவிடுவார். பித்தளை உடலும் கறள் பிடிக்காத வளைவும் உள்ளதை வாங்குங்கள். துளைக்குள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் இறுகும், பென்சில் கரியைச் சுரண்டித் தூவுங்கள். நடுங்கும் கைக்குத் திறப்பைவிட மூன்று இலக்கப் பூட்டு லேசு என்று சிலர் சொல்வார்கள், பார்வை மங்கியவருக்கு அது சரிவராது. திறப்பு என்றால் ஒன்று பெரியவரின் இடுப்பில் அல்லது கழுத்துக் கயிற்றில், மற்றது உங்களிடம். இல்லம் மூன்றாவது கேட்டால், யாரிடம் இருக்கும் என்று பெயரோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கைக்கு இரவிலும் யன்னல் திறந்துதான் கிடக்கும். கீழ்த்தளத்தில் யன்னலோரக் கட்டில் என்றால் மேசையில் வைத்த கைபேசியைக் கம்பி வழியாகத் தடி விட்டு இழுக்க முடியும். கட்டிலை மாற்ற முடியாவிட்டால் மேசையையாவது மாற்றுங்கள்.

ஊழியர்களை மட்டுமே சந்தேகிப்பதும் தவறு. எங்கள் ஊர் இல்லங்களில் பிறந்தநாள், நினைவுநாள் என்று சாப்பாடு கொடுக்க வெளியாட்கள் குடும்பத்தோடு வருவார்கள். நல்ல புண்ணியம். அந்த நேரத்தில் முதியவர்கள் எல்லோரும் சாப்பாட்டு மண்டபத்தில், ஊழியர்கள் பரிமாறுவதில், அறைகள் திறந்தபடி வெறுமையாக. யார் யார் உள்ளே நடக்கிறார்கள் என்று பார்க்க ஒருவரும் இல்லை. சாப்பாட்டு வேளையில் அறைப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரா, வருவோரின் பெயர் பதியப்படுகிறதா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். எப்போதும் ஒரே கிழமை நாளில் ஒரே நேரத்தில் பார்க்கப் போகாமல், ஒருநாள் காலைக் குளியல் நேரம், ஒருநாள் பின்னேரம், ஒருநாள் இரவுக் கடமை மாறும் நேரம் என்று மாற்றிப் போங்கள். வெளிநாட்டில் இருந்து வீடியோவில் பேசுபவர்கள் முகத்தோடு நிறுத்தாமல் காதையும் கழுத்தையும் கையையும் பார்க்க வேண்டும், திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும். பெரியம்மாவின் மகன், கனடாவில் இருக்கும் எங்கள் அண்ணை, இப்போது ஞாயிறுதோறும் அதைச் செய்கிறார்.

இன்னொரு ஆபத்தான நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நேரம். நடுராத்திரியில் மூச்சுத் திணறுகிறது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, யாரும் நகையை நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டியதில்லை, உயிர்தான் முக்கியம். ஆனால் சத்திரசிகிச்சைக்கோ ஸ்கானுக்கோ போகும்போது நகையைக் கழற்றுவார்கள், கூட நிற்பவர் கையில் கொடுப்பார்கள். அந்தக் கூட நிற்பவர் யார்? அவசரத்தில் இல்லத்திலிருந்து வந்த ஒருவர். அதனால் இல்லத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்: ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது உடம்பில் என்ன இருக்கிறது என்று இரண்டு ஊழியர்கள் பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும், உங்களுக்கு உடனே அழைப்பு எடுக்க வேண்டும், விடுதியில் கழற்றியதை உங்கள் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று தாதிக்குச் சொல்ல வேண்டும்.

முறைப்பாட்டுக்கு வருகிறேன். முதலில் இல்லத்தின் நிருவாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்ன பொருள், கடைசியாக எப்போது பார்த்தது, எப்போது காணவில்லை, எங்கெங்கே தேடியது, அவ்வளவுதான். யார்மேல் சந்தேகம் என்று அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். பெயர் எழுதிவிட்டால் பேச்சு பொருளை விட்டுவிட்டு அந்த ஆளைப் பற்றியதாகிவிடும். அந்தக் காலப்பகுதியின் கடமை அட்டவணையையும் வருகைப் பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி மட்டும் கேளுங்கள். எங்கள் விடயத்தில் காசெடுத்த நேரங்களையும் கடமை அட்டவணையையும் பக்கத்தில் வைத்தபோதுதான் “மறதி” என்ற பேச்சு நின்றது.

பொலிசில் முறையிடுவதற்கு இல்லத்தின் அனுமதி தேவையில்லை. “இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், எங்களுக்குள்ளே தீர்ப்போம்” என்பார்கள். தீர்ப்பதைத் தீர்க்கட்டும், முறைப்பாடு ஒருபக்கம் இருக்கட்டும். வேலைக்காரர் ஒருவர் செய்யும் திருட்டைத் தண்டனைச் சட்டக்கோவை 370ஆம் பிரிவில் தனியாகவே வைத்திருக்கிறது. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை, பதிந்ததை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகை என்றால் எடைச்சீட்டையும் கொக்கியின் படத்தையும் கொடுத்து, அடகு பிடிக்கும் இடங்களில் விசாரிக்கக் கேளுங்கள். அடகு வைக்க அடையாள அட்டை வேண்டும், பெயர் பதிவில் இருக்கும். வழக்கமாக ஒரு வருடத் தவணை என்பதால் தாமதித்தால் ஏலத்துக்குப் போய்விடும். விற்று உருக்கிவிட்டால் அதோடு முடிந்தது. பெரியம்மாவின் சங்கிலிக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும், கிடைக்கவே இல்லை. கடைசியாக நடந்த காசெடுப்பின் கமரா பதிவு மட்டும் பொலிசுக்குக் கிடைத்தது. அட்டையோடு நின்றவர் பொலிஸ் நிலையத்தில் 60,000 ரூபா திருப்பிக் கட்டினார். சங்கிலி பற்றித் தனக்குத் தெரியாது என்றார். எங்களிடம் சான்று இல்லை.

அந்த நாட்களில் எனக்கிருந்த பெரிய பயம் காசைப் பற்றியதல்ல. முறையிட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், பெரியம்மா அங்கேதான் இருக்க வேண்டும். ராத்திரி மணியடித்தால் யார் வருவார்கள், எப்படி வருவார்கள்? நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன். இந்தப் பயம்தான் பல குடும்பங்களை வாய்மூட வைக்கிறது. முறையிடும் அன்றே பொறுப்பாளரிடம் குறிப்பிட்ட ஆளைப் பெரியவரின் கவனிப்பிலிருந்து மாற்றக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை மாற்றுவது தண்டனை அல்ல, அந்த ஊழியருக்கும் பாதுகாப்பு என்று சொல்லியே கேளுங்கள். அடுத்த இரண்டு வாரம் நாள்தோறும் யாராவது போய்வாருங்கள். உடம்பில் காயம், உலர்ந்த வாய், மாற்றாத பம்பர்ஸ் என்று ஏதாவது தெரிந்தால் திகதியோடு எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். எங்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஐந்துக்கு மேற்பட்ட முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் பதியப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டுப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் முகம் மாறும் இடத்தில் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அறைக்குள் கமரா வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பகிர்ந்துகொள்ளும் அறையில் வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரர் உடுப்பு மாற்றுவதும் அதில் விழும், அது அவருக்குச் செய்யும் அநியாயம். நடைபாதையில் இல்லமே வைத்திருந்தால் போதும், எத்தனை நாள் பதிவு தங்கும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

காணி உறுதியை இல்லத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கட்டில் பக்கத்துக்கே வந்து உறுதி முடித்துவிட்டுப் போக முடியும். மனநிலை தளர்ந்த ஒருவரிடம் பெருவிரல் வாங்கிய பிறகு அதை நீதிமன்றத்தில் உடைக்க ஆண்டுக்கணக்காகும். மூல உறுதியைப் பெட்டகத்தில் வையுங்கள். உங்களுக்குத் தெரியாமல் நொத்தாரிசு யாராவது பார்க்க வந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்று இல்லத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவுக்கும் அடிப்படை சேர்க்கும் நாளில் எழுதும் ஒரு பட்டியல். இரண்டு பிரதி, உங்கள் கையெழுத்தும் பொறுப்பாளரின் கையெழுத்தும், ஒவ்வொரு தாளிலும் திகதி. புதிதாக ஒரு சேலை கொண்டுபோனாலும் சேர்த்து எழுத வேண்டும், பழையதை எடுத்து வந்தால் வெட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரியவரையும் பக்கத்தில் இருத்திச் சரிபாருங்கள். பெரியம்மா இப்போது அந்தப் பட்டியலைத் தானே வாசித்து அடையாளமிடுவார், பிள்ளைகளின் கொப்பி திருத்திய பழக்கம். பெரியவர் இறந்துபோனால் அறை அன்றைக்கே ஒதுக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். செத்தவீட்டு அலைச்சலில் இருப்பவர்களை விட்டுவிட்டு, வேறொரு உறவினர் பட்டியலோடு போய்ப் பொருளைப் பொறுப்பேற்க வேண்டும். கைபேசியின் சிம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் முதலில் எடுக்க வேண்டும். வங்கிக்கும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பகுதிக்கும் உடனே அறிவிக்க வேண்டும், ஏனென்றால் இறந்த பிறகு விழும் ஓய்வூதியத்தை யார் எடுத்திருந்தாலும் அரசாங்கம் திருப்பிக் கேட்பது குடும்பத்திடம்தான்.